கம்பெனி வக்கீல் யாருக்கு வக்கீல்? அமெரிக்க விசாவில் இருக்கும் நம்ம ஊர்ப் பிள்ளைகள் கதை!

அமெரிக்காவில் கம்பெனிகளுக்கு விசா வேலை பார்த்துக் கொடுக்கும் வக்கீல்கள் பலருக்கு 2025 செப்டம்பர் 19-ந் தேதி வெள்ளிக்கிழமை ராத்திரி தூக்கம் போயிற்று. அவர்கள் தட்டிவிட்ட மெயிலால் சென்னையிலும் பல வீடுகளில் தூக்கம் போயிற்று!

இதுபற்றிய விவரம் வருமாறு:-

அன்று வெள்ளை மாளிகையில் ஜனாதிபதி டிரம்ப் ஒரு உத்தரவில் கையெழுத்துப் போட்டார். வெளிநாட்டிலிருந்து 'எச்-1பி' விசாவில் ஆள் எடுக்கிற கம்பெனி ஒரு ஆளுக்கு 1 லட்சம் டாலர் கட்ட வேண்டும் என்றது அந்த உத்தரவு. அன்றைய மதிப்பில் சுமார் ரூ.88 லட்சம்!

அமலுக்கு வரும் நேரம், அமெரிக்காவின் கிழக்குக் கரைக் கணக்குப்படி ஞாயிறு பிறந்து ஒரு நிமிடம். நம்ம கடிகாரத்தில் ஞாயிறு காலை 9-31.

கையெழுத்துக்கும் அமலுக்கும் நடுவே ஒன்றரை நாள்கூட கிடையாது.

புதிதாக வருகிறவர்களுக்கு மட்டுமா? ஏற்கனவே விசா வைத்திருப்பவர்களுக்குமா? லீவில் ஊருக்கு வந்தவர் திரும்பிப் போனால் அவருக்கும் 1 லட்சம் டாலரா? உத்தரவைப் படித்துப் பார்த்தால் பிடி கிடைக்கவில்லை. பக்கத்தில் நின்ற வர்த்தக மந்திரி லுட்னிக், வருஷா வருஷம் கட்ட வேண்டும் என்கிற மாதிரி பேசியதில் குழப்பம் இரட்டிப்பாயிற்று.

வக்கீல்கள் பார்த்தார்கள். வெளிநாட்டில் இருப்பவர்கள் ஞாயிறு பிறப்பதற்குள் அமெரிக்காவுக்குள் வந்துவிட வேண்டும், உள்ளே இருப்பவர்கள் வெளியே போகக்கூடாது என்று மெயில் பறந்தது.

மைக்ரோசாப்ட், அமேசான், ஜே.பி.மார்கன் போன்ற பெரிய இடத்து ஊழியர்களுக்கெல்லாம் இந்தத் தகவல் போயிற்று. இதில் ஜே.பி.மார்கன் ஊழியர்களுக்கு எழுதியது பாங்கி இல்லை. பாங்கி அமர்த்தியிருக்கிற வெளி வக்கீல் ஆபீஸ்!

சான்பிரான்சிஸ்கோவில் துபாய்க்குப் புறப்பட இருந்த விமானத்தில் ஏறி உட்கார்ந்த பயணிகள் சிலர், விஷயம் தெரிந்ததும் இறங்கிவிட்டார்கள். விமானம் தாமதமாகக் கிளம்பியது.

அமாவாசை நேரத்தில்...

இங்கே அப்போது சனிக்கிழமை விடியற்காலை. மறுநாள் மகாளய அமாவாசை. அதற்கு அடுத்த நாள் நவராத்திரி ஆரம்பம். லீவு போட்டுவிட்டுப் பிள்ளைகள் ஊருக்கு வருகிற நேரம்.

சென்னையிலிருந்து அமெரிக்காவுக்கு நேர் விமானம் கிடையாது. துபாய், தோகா, லண்டன் என்று எங்கேயாவது இறங்கி மாறித்தான் போக வேண்டும். 20 மணி நேரம் சுலபமாக ஓடிவிடும்.

சனிக்கிழமை காலை 7 மணிக்கு மெயிலைப் பார்த்த ஒருவருக்கு மிச்சம் இருந்தது 26 மணி நேரம். பெட்டி கட்டி, டிக்கெட் பிடித்து, மீனம்பாக்கத்துக்கு ஓட வேண்டும். டிக்கெட் விலையோ எகிறிவிட்டது. குழந்தை குட்டியோடு வந்தவர் பாடு சொல்ல வேண்டியதில்லை.

அமெரிக்காவில் சனிக்கிழமை அன்றே சர்க்கார் விளக்கம் கொடுத்தது. கட்டணம் வருஷா வருஷம் இல்லை, ஒரே தடவைதான். அதுவும் புது மனுக்களுக்கு மட்டும். கையில் விசா இருப்பவர்கள் வழக்கம்போலப் போய் வரலாம்!

அதற்குள் ஓடியவர்கள் ஓடிவிட்டார்கள். செலவழித்த பணம் செலவழித்ததுதான்.

வக்கீல் செய்தது தப்பா? தப்பென்று சொல்ல முடியாது. 100-க்கு 1 பங்கு ஆபத்து இருந்தாலும் எச்சரிக்கை செய்வது அவர் தொழில்.

ஆனால் ஒரு கேள்வி இருக்கிறது. அந்த மெயிலை அனுப்பியவர் யாருடைய வக்கீல்? கம்பெனிக்கா, ஊழியருக்கா?

இதற்குப் பதில் தெரியாமலே அங்கே வேலை பார்க்கிறவர்கள் நிறையப் பேர். இங்கே இருக்கிற அப்பா அம்மாவுக்கோ, அப்படி ஒரு கேள்வி இருப்பதே தெரியாது.

கோர்ட் வாசலை மிதிக்காத வக்கீல்

வக்கீல் என்றதும் கறுப்புக் கோட்டும் காரசார வாதமும்தான் நமக்கு ஞாபகம் வரும். இந்த வக்கீல்கள் ரகமே வேறு. பாதிப்பேர் கோர்ட்டுக்கே போவது அபூர்வம். அவர்களுடைய ஆயுதம் இரண்டே இரண்டு: காகிதம், காலண்டர்.

விசாச் சட்டம் அமெரிக்காவில் மத்திய சர்க்கார் சட்டம். ஆகவே ஏதாவது ஒரு மாநிலத்தில் வக்கீலாகப் பதிவு செய்தவர் எந்த மாநிலத்துக் கம்பெனிக்கும் இந்த வேலையைப் பார்க்கலாம். நியூயார்க் லைசென்சை வைத்துக்கொண்டு கலிபோர்னியா கம்பெனிக்கு மனு போடலாம்!

எச்-1பி என்பது 1990-ம் ஆண்டு சட்டத்தில் வந்தது. பட்டப் படிப்பு தேவைப்படுகிற விசேஷ வேலைகளுக்கான விசா. முதலில் 3 வருஷம், நீட்டித்தால் மொத்தம் 6 வருஷம். கிரீன் கார்டு மனு ஓடிக்கொண்டிருந்தால் அதற்கு மேலும் நீட்டிக்க 2000-ம் ஆண்டு சட்டம் வழி விட்டது.

ஒரு வருஷத்துக்கு 65 ஆயிரம் பேர். அமெரிக்காவில் மேல்பட்டம் வாங்கியவர்களுக்குத் தனியாக 20 ஆயிரம். ஆக 85 ஆயிரம்.

இதில் நமக்கு என்ன என்கிறீர்களா? 2024 நிதியாண்டில் அனுமதியான எச்-1பி மனுக்களில் 100-க்கு 71 மனு இந்தியாவில் பிறந்தவர்களுடையது. இந்த விசாவை அதிகமாகக் குத்திக் கொடுக்கும் இடங்களில் நம்ம ஜெமினி மேம்பாலத்துப் பக்கம் இருக்கும் அமெரிக்கத் துணைத்தூதரகமும் ஒன்று.

மனு போடுவது ஊழியர் இல்லை. கம்பெனிதான் போட வேண்டும். அதற்கு முன்பே வக்கீலின் வேலை தொடங்கிவிடுகிறது.

முதலில் தொழிலாளர் இலாகாவுக்கு ஒரு மனு. இந்த வேலைக்கு, இந்த ஊரில், இவ்வளவு சம்பளம் கொடுப்போம், உள்ளூர்க்காரரின் சம்பளத்தைக் குறைக்க மாட்டோம் என்று கம்பெனி எழுதிக் கொடுக்க வேண்டும். 7 வேலை நாளில் பதில் வரும்.

அந்த அறிவிப்பை வேலை செய்யும் இடத்தில் இரண்டு இடங்களில் 10 நாளைக்கு ஒட்டி வைக்க வேண்டும். யார் கேட்டாலும் காட்ட ஒரு தனி பைல் போட வேண்டும். இதில் ஒன்று தவறினாலும் இன்ஸ்பெக்டர் வந்தால் அபராதம்.

2020-ல் கொரோனா வந்தபோது வேடிக்கை நடந்தது. ஆபீசைப் பூட்டிவிட்டார்கள். வேலை செய்யும் இடம் வீடு என்றாகிவிட்டது. அப்போது ஒட்ட வேண்டிய நோட்டீசை எங்கே ஒட்டுவது? வீட்டில்தான்! கம்ப்யூட்டர் மூலம் அறிவிப்புக் கொடுக்காத கம்பெனிகளின் ஊழியர்கள் தங்கள் நோட்டீசைத் தங்கள் வீட்டுச் சுவரிலேயே ஒட்டிக்கொண்டார்கள்.

இது சிரிக்கிற விஷயம். சிரிக்க முடியாத விஷயமும் உண்டு. எந்த ஊருக்கு மனு போட்டார்களோ அந்த வட்டாரத்தைத் தாண்டி ஊழியர் இடம் மாறினால் புது மனு போட வேண்டும் என்று 2015-ல் ஒரு தீர்ப்பு வந்தது.

ஒரு உதாரணம். சான் ஜோஸ் ஆபீசில் வேலை பார்த்த ஒருவர், "வீட்டிலிருந்துதானே வேலை, வாடகையாவது மிச்சமாகட்டும்" என்று டல்லாசுக்குக் குடி போய்விட்டார் என்று வைத்துக்கொள்வோம். வக்கீலுக்குச் சொல்லவில்லை. போச்சு! வேலையில் ஒரு குறையும் இல்லை. ஆனால் விசாக் கணக்கில் விதி மீறியவர்.

குலுக்கல் படுத்தும் பாடு

85 ஆயிரம் இடத்துக்கு லட்சக்கணக்கில் மனு வந்தால்? குலுக்கல்தான்.

முன்பெல்லாம் ஒவ்வொரு ஆளுக்கும் முழு மனுவையும் தயாரித்து, ஏப்ரல் முதல் வாரத்தில் போய்ச் சேருகிற மாதிரி கூரியரில் அனுப்ப வேண்டும். வக்கீல் ஆபீசில் மார்ச் மாதம் முழுக்கப் பெட்டி கட்டும் வேலைதான். குலுக்கலில் விழாவிட்டால் கட்டு அப்படியே திரும்பி வரும்.

2020-ல் முறை மாறியது. 10 டாலர் கட்டிக் கம்ப்யூட்டரில் பெயரைப் பதிவு செய்தால் போதும் என்றார்கள். வாசல் அகலமானதும் கூட்டம் புகுந்தது. 2023 மார்ச்சில் 7 லட்சத்து 80 ஆயிரம் பதிவு! ஒரே ஆளுக்குப் பல கம்பெனிகள் பெயர் கொடுத்திருந்ததுதான் காரணம்.

2024-ல் அதற்குப் பூட்டுப் போட்டார்கள். எத்தனை கம்பெனி பெயர் கொடுத்தாலும் ஒரு பாஸ்போர்ட்டுக்கு ஒரு சீட்டு. 2025-ல் பதிவுக் கட்டணம் 10 டாலரிலிருந்து 215 டாலராக ஏறியது. அந்த வருஷம் தகுதியான பதிவு 3 லட்சத்து 43 ஆயிரத்து 981. தேர்வானது 1 லட்சத்து 20 ஆயிரத்து 141.

2026 பிப்ரவரி 27 முதல் இன்னொரு மாற்றம். சம்பளத்தை 4 படியாகப் பிரித்து, மேல் படிக்காரருக்கு 4 சீட்டு, கீழ்ப் படிக்காரருக்கு 1 சீட்டு என்று விதி வந்தது. படிப்பை முடித்துக் கையோடு வேலையில் சேருகிற சின்னப் பிள்ளைகளுக்கு இது அடி.

6 வருஷத்தில் விளையாட்டின் விதி நாலு தடவை மாறியிருக்கிறது. ஆனால் பாருங்கள், 65 ஆயிரம், 20 ஆயிரம் என்கிற எண்ணிக்கை 2004-ம் ஆண்டுச் சட்டத்திலிருந்து மாறவே இல்லை.

இதுதான் இந்தத் தொழிலின் சூட்சுமம். பார்லிமெண்ட் மாதிரி அங்கே இருக்கிற காங்கிரஸ் சட்டத்தைத் தொடுவதே இல்லை. சட்டத்துக்குக் கீழே இருக்கிற விதி, சுற்றறிக்கை, ஜனாதிபதி உத்தரவு ஆகியவைதான் மாறிக்கொண்டே இருக்கின்றன. ஆட்சி மாறினால் அதே சட்டத்துக்கு வேறே அர்த்தம்!

2015-ல் புதிய எச்-1பி மனுக்களில் 100-க்கு 6 நிராகரிக்கப்பட்டன. 2018-ல் 24. 2021-ல் 4. சட்டம் அதே சட்டம். மனு எழுதின வக்கீலும் அதே வக்கீல்.

2020 ஜூனில் ஒரு ஜனாதிபதி உத்தரவு, வெளிநாட்டில் இருந்த எச்-1பிக்காரர்கள் உள்ளே வருவதையே நிறுத்தி வைத்தது. அது 2021 மார்ச் 31-ல்தான் காலாவதியானது.

1 லட்சம் டாலர் உத்தரவும் 12 மாதக் கெடுவோடுதான் போடப்பட்டது. உள்ளேயே படித்துவிட்டு மாணவர் விசாவிலிருந்து மாறுகிறவர்களுக்கு இந்தக் கட்டணம் இல்லை என்று 2025 அக்டோபர் 20-ந் தேதி விளக்கம் வந்தது. அமெரிக்க வர்த்தக சபை வழக்குப் போட்டது. டிசம்பர் 23-ந் தேதி வாஷிங்டன் மாவட்டக் கோர்ட் உத்தரவு செல்லும் என்றது.

பூ அனுப்பிய கதை

சர்க்கார் ஒரே நாளில் மாற்றினால் வக்கீல்களும் ஊழியர்களும் சும்மா இருந்தார்களா? 2007-ல் நடந்ததைக் கேளுங்கள்.

அந்த வருஷம் ஜூலை மாதத்துக்கு, வேலை மூலம் கிரீன் கார்டு கேட்கிற பெரும்பாலானவர்கள் கடைசிக்கட்ட மனுவைக் கொடுக்கலாம் என்று வெளியுறவு இலாகா அறிவித்தது. பல வருஷம் காத்திருந்தவர்கள் மெடிக்கல் செக்கப், போட்டோ, பிறப்புச் சர்டிபிகேட் என்று ஓடினார்கள். வக்கீல் ஆபீசுகளில் ராப்பகலாக வேலை.

ஜூலை 2-ந் தேதி திங்கட்கிழமை. மனுக்கட்டு போய்ச் சேருகிற நாள். அன்றைக்குப் பார்த்து, "இடம் தீர்ந்துவிட்டது, மனு வாங்க மாட்டோம்" என்றார்கள்!

கொதித்துப்போன இந்திய ஊழியர்கள் கல் எறியவில்லை. குடியேற்ற இலாகாவின் தலைவர் எமிலியோ கொன்சாலெசுக்கு நூற்றுக்கணக்கில் பூங்கொத்து அனுப்பி வைத்தார்கள். 'முன்னாபாய்' இந்திப் படத்தில் வந்த காந்திகிரி! அவர் அந்தப் பூக்களைக் காயம்பட்ட சிப்பாய்கள் இருக்கும் ஆஸ்பத்திரிக்கு அனுப்பச் சொன்னார். இன்னொரு பக்கம் வக்கீல்கள் கோர்ட்டுக்குக் கிளம்பினார்கள்.

ஜூலை 17-ந் தேதி சர்க்கார் இறங்கி வந்தது. ஆகஸ்ட் 17 வரை மனு வாங்கினார்கள்.

ஒரு வக்கீல், இரண்டு கட்சிக்காரர்

இனி அந்தக் கேள்விக்கு வருவோம். கம்பெனி வக்கீல் யாருக்கு வக்கீல்?

இந்தத் தொழிலில் ஒரே வக்கீல் இரண்டு பேருக்கும் ஆஜராவது வழக்கம். மனு போடுகிற கம்பெனி ஒரு கட்சிக்காரர். யாருக்காக மனுவோ அந்த ஊழியர் இன்னொரு கட்சிக்காரர். கம்பெனிக்கு ஆள் வேண்டும், ஆளுக்கு விசா வேண்டும். இரண்டு பேர் ஆசையும் ஒன்றாக இருக்கிற வரைக்கும் சிக்கல் இல்லை.

பீஸ் கொடுப்பது கம்பெனி. எச்-1பி மனுவுக்கான வக்கீல் பீஸ் கம்பெனியின் தொழில் செலவு. அதை ஊழியர் தலையில் கட்டி, அவருக்கு விதித்த சம்பளத்துக்குக் கீழே இறக்கக்கூடாது என்பது விதி. கிரீன் கார்டுக்கான முதல் கட்ட வேலையில் வக்கீல் பீஸ், விளம்பரச் செலவு முழுவதையும் கம்பெனியே ஏற்க வேண்டும் என்று 2007 ஜூலை 16 முதல் விதி இருக்கிறது.

சரி, கம்பெனி ஆட்குறைப்பு செய்தால்?

அப்போதுதான் வக்கீலின் மேஜை இரண்டாகப் பிளக்கிறது. மனுவை வாபஸ் வாங்குகிறோம் என்று சர்க்காருக்குக் கம்பெனி சார்பில் எழுதப்போவது அதே வக்கீல் ஆபீஸ். "சார், இப்ப நான் என்ன செய்யறது?" என்று ஊழியர் போன் போடுவதும் அதே ஆபீசுக்குத்தான். "நீங்க தனியா ஒரு வக்கீலைப் பாருங்க" என்று பதில் வந்தால் ஆச்சரியப்பட வேண்டாம். இரண்டு கட்சிக்காரருக்குள் மோதல் வந்தால் விலகிக்கொள்ள வேண்டும் என்பது வக்கீல் தர்மம். அதற்குள் ஊழியரின் நாட்கள் ஓடிக்கொண்டிருக்கும்.

எத்தனை நாள்? 60!

2017 ஜனவரி முதல் இருக்கிற விதி இது. வேலை போனால் அதிகபட்சம் 60 நாள், அல்லது ஐ-94 தேதி முடியும் வரை, இரண்டில் எது முந்துகிறதோ அதுவரைதான் தங்கலாம். கம்பெனி 3 மாதச் சம்பளத்தைக் கையில் கொடுத்து அனுப்பினாலும் இந்தக் கணக்கு நீளாது.

60 நாளுக்குள் வேறு கம்பெனி மனு போட வேண்டும். அல்லது வேறு வகை விசாவுக்கு மாற மனு கொடுக்க வேண்டும். அல்லது ஊருக்கு மூட்டை கட்ட வேண்டும். வீட்டுக் கடன், கார் கடன், பள்ளிக்கூடத்தில் படிக்கிற பிள்ளை எல்லாம் 60 நாளுக்குள்.

ஒன்று பலருக்குத் தெரியாது. விசாக் காலம் முடியும் முன்பே கம்பெனி தானாக வேலையை விட்டு நிறுத்தினால், ஊழியர் ஊர் திரும்புகிற நியாயமான பயணச் செலவைக் கம்பெனி கொடுக்க வேண்டும். ஊழியர் தானாக ராஜினாமா செய்தால் கிடையாது. கேட்டால்தான் கிடைக்கும்!

ஞாயிற்றுக்கிழமை விளம்பரம்

கிரீன் கார்டு விவகாரத்தில் பத்திரிகைக்காரனுக்குப் பிடித்த விதி ஒன்று இருக்கிறது.

இந்த வேலைக்கு உள்ளூரில் தகுதியான ஆள் கிடைக்கவில்லை என்று கம்பெனி நிரூபிக்க வேண்டும். அதற்கு இரண்டு ஞாயிற்றுக்கிழமை அச்சுப் பத்திரிகையில் விளம்பரம் கொடுக்க வேண்டும் என்று 2005-ல் விதி போட்டார்கள். கம்ப்யூட்டர் வேலையைப் பத்திரிகை வரி விளம்பரத்தில் யார் தேடுகிறார்கள் என்று கேட்காதீர்கள். விதி விதிதான்!

இங்கேயும் வக்கீலுக்கு ஒரு கோடு கிழித்திருக்கிறார்கள். காகிதம் தயார் செய்யலாம். விண்ணப்பம் போட்ட அமெரிக்கர்களைச் சலித்துத் தள்ளுகிற வேலையில் வக்கீல் கை வைக்கக்கூடாது.

இந்த விஷயத்தில் பேஸ்புக் கம்பெனி மாட்டிக்கொண்டது. கிரீன் கார்டு கேட்கிற விசாக்காரர்களுக்கு ஒதுக்கிய வேலைகளுக்கு மட்டும் தபாலில் விண்ணப்பிக்கச் சொன்னது, தன் இணையப் பக்கத்தில் விளம்பரம் செய்யவில்லை என்று சர்க்கார் குற்றம் சாட்டியது. 2021 அக்டோபரில் 1 கோடியே 42 லட்சத்து 50 ஆயிரம் டாலர் வரை கொடுக்க ஒப்புக்கொண்டு சமரசமானது. ஆப்பிள் கம்பெனி இதே மாதிரி விவகாரத்தில் 2023 நவம்பரில் 2 கோடியே 50 லட்சம் டாலருக்குச் சமரசம் செய்துகொண்டது.

உள்ளூர்க்காரருக்கும் வேலை கிடைக்க வேண்டும் என்கிற நியாயம் ஒரு பக்கம். பல வருஷம் உழைத்த வெளியூர்க்காரரின் நியாயம் மறுபக்கம். நடுவில் வக்கீல்.

இந்தக் கட்டம் தாண்டினாலும் வரிசை இருக்கிறது. வேலை மூலம் வருஷத்துக்கு சுமார் 1 லட்சத்து 40 ஆயிரம் கிரீன் கார்டு. ஒரு நாட்டுக்கு 100-க்கு 7 பங்குக்கு மேல் கூடாது. குட்டி நாட்டுக்கும் 7, இந்தியாவுக்கும் 7! மனைவி, பிள்ளைகளையும் இதே கணக்கில்தான் சேர்க்கிறார்கள்.

2025 அக்டோபர் அறிவிப்பில் மேல்பட்டக்காரர்கள் பிரிவில் இந்தியர்களுக்கு வந்திருந்த தேதி என்ன தெரியுமா? 2013 ஏப்ரல் 1. பன்னிரண்டரை வருஷம் பின்னால்!

அப்பாவோடு 8 வயதில் போன பிள்ளைக்கு வரிசை நகர்வதற்குள் 21 வயது ஆகிவிடும். 21 ஆனால் அப்பாவின் மனுவிலிருந்து கழன்றுவிடும். கொஞ்சம் கழித்துக்கொள்ள 2002-ம் ஆண்டுச் சட்டம் ஒன்று உண்டு. எல்லோருக்கும் அது போதாது. அந்தக் கூட்டல் கழித்தலைப் போட்டுப் பார்ப்பதும் வக்கீல்தான்.

ஜெமினி பக்கத்தில்...

பிள்ளை ஊருக்கு வரும்போது பாஸ்போர்ட்டில் குத்திய விசாத் தேதி முடிந்திருந்தால் 'ஸ்டாம்பிங்' போட ஜெமினி பக்கம் போக வேண்டும். அந்த வாசலோடு வக்கீல் நின்றுவிடுவார். இண்டர்வியூவில் பெரும்பாலும் வக்கீலுக்கு இடம் கிடையாது. ஆபீசர் கேட்கிற கேள்விக்கு ஊழியர்தான் பதில் சொல்ல வேண்டும்.

2025 டிசம்பர் 15 முதல் எச்-1பி கேட்பவர்களின் சமூக வலைத்தளக் கணக்குகளையும் பார்ப்போம் என்று அறிவித்தார்கள். அதையொட்டி டிசம்பரில் இண்டர்வியூ வைத்திருந்த பலருக்கு 2026 மார்ச்சுக்கும் அதற்குப் பிறகும் தேதி தள்ளிப்போயிற்று. கல்யாணத்துக்கும் கிரகப்பிரவேசத்துக்கும் 3 வார லீவில் வந்தவர்கள் மாட்டிக்கொண்டார்கள். வேலை அங்கே, ஆள் இங்கே!

"லாயர் வேணாங்கிறார்ப்பா, இந்த வருஷம் வரலை" என்று பிள்ளை சொன்னால் சாக்குச் சொல்கிறான் என்று நினைக்காதீர்கள். உண்மையாகவே லாயர் சொல்லியிருப்பார். கம்பெனிக்கு ஆள் சீட்டில் இருக்க வேண்டும். அப்பாவுக்கு சஷ்டியப்தபூர்த்தி என்பது வக்கீலின் பாரத்தில் நிரப்புகிற கட்டம் இல்லை.

போகலாமா வேண்டாமா என்பதை முடிவு செய்ய வேண்டியவர் ஊழியர்தான். அதற்கு அவர் கம்பெனி வக்கீலின் மெயிலை மட்டும் நம்பியிருக்கக்கூடாது. 200, 300 டாலர் போனாலும் தனக்கென்று ஒரு வக்கீலிடம் ஒரு மணி நேரம் பேசிவிடுவது நல்லது.

கையில் இருக்க வேண்டியவை

பிள்ளை அங்கே இருக்கிற வீட்டார் குறித்து வைத்துக்கொள்ளலாம்:

* ஐ-94: நாட்டில் எதுவரை தங்கலாம் என்பது இதில் உள்ள தேதிதான். பாஸ்போர்ட்டில் குத்திய விசாத் தேதி உள்ளே நுழைவதற்கு மட்டும். இரண்டையும் ஒன்றென்று நினைத்து ஏமாந்தவர்கள் உண்டு.

* ஐ-797: மனு அனுமதியான காகிதம். "எல்லாம் கம்பெனியிடம் இருக்கு" என்று விடக்கூடாது. வேலை போனால் கம்பெனிக் கம்ப்யூட்டரும் போய்விடும். வீட்டில் ஒரு பிரதி வேண்டும்.

* சம்பள உறுதி மனு: தொழிலாளர் இலாகா அனுமதித்த அந்த மனுவின் பிரதியை ஊழியர் வேலைக்குச் சேரும் நாளுக்குள் கம்பெனி கொடுத்தாக வேண்டும். அதில் எழுதிய ஊரும் சம்பளமும் நடப்போடு ஒத்துப்போகிறதா என்று பார்க்க வேண்டும்.

* சம்பளச் சீட்டுகள்: வேறு கம்பெனிக்கு மாறும்போது முதலில் கேட்பது இதைத்தான்.

* ஜி-28: வக்கீல் யாருக்கு ஆஜராகிறார் என்று சர்க்காருக்குக் கொடுக்கிற தாள். அதில் கம்பெனி பெயர் மட்டும் இருக்கிறதா, ஊழியர் பெயரும் இருக்கிறதா என்று கேட்டுத் தெரிந்துகொள்ளலாம். கேட்பது தப்பில்லை.

இங்கே போர்டு மாட்டிக்கொண்டு "விசா வாங்கித் தருகிறோம்" என்கிற ஏஜெண்டுகள் அமெரிக்க வக்கீல்கள் இல்லை. உண்மையான வக்கீலா என்பதை அவர் பதிவு செய்துள்ள மாநிலத்து வக்கீல் சங்கத்தின் பட்டியலில் சரிபார்க்கலாம். மாநிலத்தைச் சொல்லவே தயங்குகிறவரிடம் பணம் கட்டக்கூடாது.

வக்கீல்கள் கெட்டவர்கள் என்பதில்லை. 2017 ஜனவரியில் சில நாட்டுக்காரர்களுக்கு டிரம்ப் தடை போட்டபோது, விமான நிலையத் தரையில் லேப்டாப்போடு உட்கார்ந்து காசு வாங்காமல் மனு எழுதியவர்களும் வக்கீல்கள்தான். உத்தரவு ராத்திரி மாறினால் விடிவதற்குள் படித்துச் சொல்ல ஒரு ஆள் வேண்டும். அந்த ஆளுக்குச் சம்பளம் கொடுப்பது யார் என்பதை மட்டும் மறக்கக்கூடாது.

அடுத்த தடவை அமெரிக்காவிலிருந்து போன் வந்தால், "சாப்பிட்டியாடா?" என்று கேளுங்கள். அப்படியே, "உன் ஐ-94 தேதி என்னடா?" என்றும் ஒரு வார்த்தை கேட்டு வையுங்கள்!